மானுவல் ஆரோன்: இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் சென்னையை செஸ் நகரமாக்கியது எப்படி?

செஸ் என்றதும் உங்களுக்கு யார் ஞாபகத்துக்கு வருவார்? விஸ்வநாதன் ஆனந்த். வயது குறைந்தவராக இருந்தால் குகேஷ், பிரக்ஞானந்தா, வைஷாலி. நால்வருமே சென்னையில் வளர்ந்தவர்கள். "அது எப்படிங்க ஒரே ஊரிலிருந்து இத்தனை பேர்?" என்ற கேள்வி ஒவ்வொரு பெரிய வெற்றிக்குப் பிறகும் வருகிறது. கூடவே 'தமிழர் மூளை', 'கணக்கு நன்றாக வரும்', 'தயிர் சாதம்' என்று விதவிதமான பதில்களும் வருகின்றன.

இரண்டு ஆண்டுகளைச் சொல்கிறோம், பாருங்கள். இந்தியாவுக்கு முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் கிடைத்தது 1961. இரண்டாவது மாஸ்டர் கிடைத்தது 1978. நடுவே 17 ஆண்டுகள் வேறு யாருமே இல்லை. மூளை திடீரென்று 1978-ல் வளர்ந்துவிடவில்லை. அந்த 17 ஆண்டுகளில் மாறியது வேறு ஒன்று. அதை மாற்றியவர்களில் முக்கியமானவர் அந்த முதல் மாஸ்டரேதான். அவர் பெயர் மானுவல் ஆரோன்.

யார் இந்த ஆரோன்?

1935 டிசம்பர் 30 அன்று பர்மாவின் டவுங்கூ நகரில் பிறந்தவர். பெற்றோர் இந்தியர்கள். வளர்ந்தது தமிழ்நாட்டில். பி.எஸ்சி. பட்டம் பெற்றது அலகாபாத் பல்கலைக்கழகத்தில். பிறகு அவருடைய செஸ் வாழ்க்கை முழுவதும் சென்னையைச் சுற்றியே அமைந்தது.

1959 முதல் 1981 வரையிலான காலத்தில் ஒன்பது முறை தேசிய சாம்பியன். தமிழ்நாடு மாநிலப் பட்டம் 1957-க்கும் 1982-க்கும் இடையே பதினொரு முறை. ஏறக்குறைய கால் நூற்றாண்டு, இந்தியாவில் செஸ் பட்டம் வேண்டுமென்றால் இவரைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. மத்திய அரசு அர்ஜுனா விருதைத் தொடங்கியது 1961-ல். அந்த முதல் ஆண்டுப் பட்டியலிலேயே டென்னிஸ் வீரர் ராமநாதன் கிருஷ்ணனோடு ஆரோனின் பெயரும் இருக்கிறது. செஸ் ஆட்டக்காரர் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல்முறை.

அப்போது இந்தியாவில் செஸ் எப்படி இருந்தது?

இதைப் புரிந்துகொள்ளாவிட்டால் ஆரோன் செய்தது என்னவென்றே புரியாது. அன்று நாட்டில் செஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. திண்ணையிலும் டீக்கடையிலும் மன்றங்களிலும் ஆடினார்கள். ஆனால் பலர் ஆடியது நம் ஊர் விதிகளில்.

அந்த விதிகளில் சிப்பாய் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டம்தான் போகும். இரண்டு கட்டம் பாயாது. இன்று நாம் 'கோட்டை கட்டுதல்' என்று சொல்லும் காஸ்லிங் கிடையாது. அதற்குப் பதிலாக ராஜா ஆட்டத்தில் ஒரே ஒரு முறை குதிரை போலத் தாவலாம். கடைசிக் கட்டத்தைத் தொட்ட சிப்பாய் நீங்கள் விரும்பிய காயாக மாறாது. எந்த வரிசையில் போய்ச் சேர்ந்ததோ அந்த வரிசைக்குரிய காயாகத்தான் மாறும். இவையும் ஊருக்கு ஊர் கொஞ்சம் வேறுபடும்.

"சின்னச் சின்ன வித்தியாசம்தானே?" என்று தோன்றலாம். இல்லை. சிப்பாய் இரண்டு கட்டம் பாய்ந்தால் ஆட்டம் மூன்றாவது நகர்த்தலிலேயே சூடுபிடிக்கும். ஒரு கட்டம்தான் என்றால் பத்துப் பன்னிரண்டு நகர்த்தல் வரை இரு தரப்பும் தன் வீட்டுக்குள்ளேயே படையை அடுக்கிக்கொண்டிருக்கும். ஐரோப்பாவில் நூறு ஆண்டுகளாக எழுதிக் குவித்த தொடக்க ஆட்டப் புத்தகங்கள் எதுவும் இங்கே உதவாது. இங்கே வாழ்நாள் முழுவதும் கற்றது அங்கே செல்லாது.

இதற்கு நம்மிடம் ஒரு பெரிய உதாரணம் உண்டு. பிரிக்கப்படாத பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கான், இந்திய விதிகளில் ஆடி வளர்ந்தவர். தன் எஜமானர் சர் உமர் ஹயாத் கானுடன் லண்டன் போய், 1929, 1932, 1933 ஆகிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். உலகின் முதல் வரிசை ஆட்டக்காரர்களையே வென்றார். அப்படிப்பட்டவருக்கும் தொடக்க ஆட்டம்தான் கடைசிவரை பலவீனம். எஜமானர் ஊர் திரும்பியதும் அவரும் திரும்பினார், அதோடு அவருடைய சர்வதேச செஸ் முடிந்தது. ஃபிடே அவருக்கு கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் அறிவித்தது 2024-ல்தான். அவர் இறந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன.

சுல்தான் கானுக்குத் திறமை குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. அவருக்குப் பின்னால் ஒரு சங்கமோ கிளப்போ புத்தக அலமாரியோ இல்லை. அவர் ஊரில் அவரிடமிருந்து கற்றுக்கொள்ள அடுத்த ஆளும் இல்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு மெல்ல நிலைமை மாறியது. முதல் தேசிய சாம்பியன்ஷிப் 1955-ல் ஆந்திராவின் ஏலூரில் நடந்தது. ராம்சந்திர சப்ரேயும் டி.வெங்கய்யாவும் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து ஆரோன் தன் முதல் தேசியப் பட்டத்தை வென்றார்.

மாஸ்டர் பட்டம் எப்படிக் கிடைத்தது?

இன்று ஒரு பிள்ளை இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆக வேண்டுமென்றால் 2400 ரேட்டிங் வேண்டும், மூன்று 'நார்ம்' வேண்டும். 1961-ல் இந்தக் கணக்கே இல்லை. எலோ ரேட்டிங் முறையை ஃபிடே ஏற்றுக்கொண்டது 1970-ல்தான். அதற்கு முன் பட்டத்துக்கு ஒரு முக்கியமான வழி உலக சாம்பியன்ஷிப்பின் படிக்கட்டு. முதலில் மண்டலப் போட்டி. அதில் வென்றால் இன்டர்ஸோனல். அங்கே முன்னணியில் வந்தால் கேண்டிடேட்ஸ். அதில் முதலிடம் பிடித்தால் உலக சாம்பியனோடு மோதலாம்.

ஆரோன் 1961-ல் மங்கோலியாவின் சுகேன் மோமோவை 3-1 என்று வென்றார். அடுத்து ஆசிய-ஆஸ்திரேலிய இறுதியில் ஆஸ்திரேலியாவின் செசில் பர்டியை 3-0 என்று வென்றார். பர்டி சாதாரண ஆள் இல்லை. தபால் வழி செஸ்ஸின் முதல் உலக சாம்பியன் அவர்தான், உலகமெங்கும் வாசிக்கப்பட்ட செஸ் எழுத்தாளரும்கூட. இந்த வெற்றிகளோடு ஆரோனுக்கு இன்டர்நேஷனல் மாஸ்டர் பட்டமும் இன்டர்ஸோனலுக்கு இடமும் கிடைத்தன.

ஸ்டாக்ஹோம் 1962: கடைசி இடமும் இரண்டு வெற்றிகளும்

அந்த இன்டர்ஸோனல் 1962 ஜனவரி இறுதியில் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் தொடங்கி மார்ச் முதல் வாரம் வரை நடந்தது. மொத்தம் 23 பேர், ஒவ்வொருவருக்கும் 22 ஆட்டங்கள். சோவியத்தின் பெட்ரோசியன், கெல்லர், கோர்ச்னோய், ஸ்டெய்ன் வந்திருந்தார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த 18 வயது பாபி ஃபிஷர் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் 17.5 புள்ளிகளோடு முதலிடம் பிடித்தார்.

ஆரோன் கடைசி இடம்.

இதைப் பல புகழுரைகள் நைசாகத் தாண்டிப் போய்விடும். தாண்ட வேண்டிய அவசியமே இல்லை. அதே போட்டியில் ஹங்கேரியின் லாயோஷ் போர்ட்டிஷையும் கிழக்கு ஜெர்மனியின் வுல்ஃப்காங் உல்மனையும் ஆரோன் வென்றார். போர்ட்டிஷ் பின்னாளில் எட்டு முறை கேண்டிடேட்ஸ் வரை போனவர். உல்மன் 1971-ல் அந்தக் கட்டத்துக்கு வந்தவர். இந்த இரண்டு பேரையும் ஒரே போட்டியில் வீழ்த்துகிற ஒருவர் ஏன் கடைசியில் வருகிறார்?

ஒரு நாள் ஒருவரை வெல்ல திறமை போதும். 22 நாள் ஆட தயாரிப்பு வேண்டும். எதிராளி எந்தத் தொடக்கத்தை விரும்புவார், போன மாதம் மாஸ்கோவில் என்ன புதிய நகர்த்தல் வந்தது, ஒத்திவைத்த ஆட்டத்தை இரவில் உட்கார்ந்து ஆராய யார் கூட இருக்கிறார்கள் என்பதெல்லாம் அந்தத் தயாரிப்பில் சேரும். சோவியத் ஆட்டக்காரருக்கு இதற்கெல்லாம் ஒரு அமைப்பே இருந்தது. இந்தியாவின் ஒரே மாஸ்டருக்கு, பயிற்சி ஆட்டம் ஆட இன்னொரு மாஸ்டர்கூட சொந்த நாட்டில் இல்லை. எங்கள் பார்வையில் ஸ்டாக்ஹோமின் கடைசி இடம் ஆரோனைவிட அன்றைய இந்திய செஸ்ஸைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது.

அவர் செஸ் ஒலிம்பியாடிலும் இந்தியாவுக்கு ஆடினார். 1960 லீப்ஸிக், 1962 வர்ணா, 1964 டெல் அவிவ்.

திறமை இருந்தால் போதாதா?

ஒரு ஊரை எடுத்துக்கொள்வோம். கோலார் தங்கவயல். அங்கே மாரிகுப்பத்திலிருந்து பங்காருப்பேட்டை போகும் ரயில் பாதையில் கோரமண்டல் என்று ஒரு நிலையம் உண்டு. சோழமண்டலக் கடற்கரையைத் தேடாதீர்கள், கடல் அங்கிருந்து வெகு தூரம். இது சுரங்கத்தை ஒட்டி எழுந்த குடியிருப்பு. வட ஆற்காடு பக்கமிருந்து போன தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கச் சுரங்கத்தில் உழைத்த பகுதி.

1961-ல் கோரமண்டலில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகன் பிரமாதமாக செஸ் ஆடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது ஒரு கற்பனைதான். அவன் அடுத்து எங்கே போவான்? ஷிப்ட் முடிந்து வந்த அப்பாவையும் பக்கத்து வீட்டு மாமாவையும் தோற்கடித்துவிட்டான். சர்வதேச விதிகள் அச்சிட்ட புத்தகம் வேண்டும், அது ஆங்கிலத்தில் இருக்கும், இல்லையென்றால் ரஷ்ய மொழியில். செஸ் கடிகாரம் வேண்டும். தன்னைத் தோற்கடிக்கக்கூடிய ஆள் வேண்டும். ஆட ஒரு போட்டி வேண்டும், அந்தப் போட்டியின் தேதி அவன் காதுக்கு எட்ட வேண்டும். ஊர் தமிழ் பேசும் ஊர், ஆனால் மாநிலம் மைசூர் என்பதால் தேர்வுக்குச் சென்னைக்கும் வர முடியாது. இதில் எது இல்லாவிட்டாலும் அவன் தெருவின் சாம்பியனாகவே நின்றுவிடுவான்.

இன்னொரு தகவலையும் சேர்த்துப் பாருங்கள். தமிழ்நாட்டுக்கு முதல் கிராண்ட்மாஸ்டர் 1988-ல் ஆனந்த். அடுத்த வீடான கர்நாடகத்துக்கு முதல் கிராண்ட்மாஸ்டர் மைசூருவின் எம்.எஸ்.தேஜ்குமார், 2017-ல். இடையே 29 ஆண்டுகள். கோலார் தங்கவயலுக்கும் தமிழ்நாட்டு எல்லைக்கும் இடையே அதிக தூரம் இல்லை. எல்லையின் இந்தப் பக்கம் பிறந்தால் மூளை கூடும், அந்தப் பக்கம் பிறந்தால் குறையும் என்று யாராவது சொன்னால் நம்புவீர்களா?

ஆட்டக்காரர் அமைப்பாளர் ஆனார்

ஸ்டாக்ஹோமிலிருந்து திரும்பிய ஆரோன் ஆடுவதை நிறுத்தவில்லை. இன்னும் இருபது ஆண்டுகள் ஆடினார், வென்றார். அதோடு இன்னொரு வேலையையும் எடுத்துக்கொண்டார். 1947-ல் தொடங்கிய மாநில சதுரங்க சங்கத்தில் செயலாளராக இருந்தார். இந்திய விதிகளில் ஊறிப்போயிருந்தவர்களைச் சர்வதேச விதிகளுக்கு இழுத்தார். குழுக்களை உருவாக்கினார். "புத்தகத்தைப் படியுங்கள், தொடக்க ஆட்டங்களைப் படியுங்கள்" என்று ஆட்டக்காரர்களை விடாமல் தூண்டினார். செஸ் என்பது பிறவி ஞானம் என்று நம்பிய ஒரு தலைமுறையிடம், இது படித்துத் தேற வேண்டிய பாடம் என்று சொல்வது சுலபமான காரியம் இல்லை.

இதில் சற்று விரிவாகப் பேச வேண்டியது தால் செஸ் கிளப்.

1972. ரெய்க்யவிக்கில் ஃபிஷரும் ஸ்பாஸ்கியும் மோதிய ஆண்டு, செஸ் உலகம் முழுவதும் செய்தித்தாளின் முதல் பக்கத்துக்கு வந்த ஆண்டு. அந்த ஆண்டில்தான் சென்னையின் சோவியத் கலாசார மையத்தில் ஆரோன் ஒரு செஸ் கிளப்பைத் தொடங்கினார். முன்னாள் உலக சாம்பியன் மிகைல் தாலின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. தால் அப்போது முப்பதுகளில்தான் இருந்தார், தொடர்ந்து ஆடிக்கொண்டிருந்தவர்.

இடம் தேர்ந்தெடுத்ததில் இருக்கிறது விஷயம். அன்று உலகின் செஸ் வல்லரசு சோவியத். தன் பண்பாட்டின் அடையாளமாகவே செஸ்ஸை வெளிநாடுகளில் காட்டிய நாடு அது. இந்தியாவோடு 1971 ஆகஸ்டில்தான் நட்புறவு ஒப்பந்தம் போட்டிருந்தது. அப்படிப்பட்ட மையத்துக்குள் கிளப் அமைந்தால் ஊரில் வேறெங்கும் கிடைக்காத புத்தகமும் பலகையும் கூடவே வரும். வாடகை கட்டி ஒரு கிளப் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்பதை நடத்திப் பார்த்தவர்களைக் கேளுங்கள். பனிப்போர் அரசியலின் ஒரு சிறு ஓரம் சென்னைப் பிள்ளைகளுக்கு செஸ் பலகையாக மாறியது என்றும் சொல்லலாம்.

அங்கே நடந்தது வகுப்பு மட்டும் இல்லை. மின்னல் வேக ஆட்டம், அதாவது பிளிட்ஸ். பலகைக்கு இரண்டு பேர், சுற்றிலும் காத்திருப்பவர்கள். தோற்றால் எழுந்திருக்க வேண்டும், வென்றால் அதே நாற்காலியில் அடுத்த ஆளைச் சந்திக்கலாம். நம் தெருவில் கேரம் போர்டுக்கு என்ன விதியோ அதே விதிதான். நாற்காலியை விடக்கூடாது என்றால் வேகமாகவும் சரியாகவும் யோசிக்க வேண்டும்.

ஆறு வயதில் அம்மா சுசீலாவிடம் ஆட்டம் கற்ற ஆனந்த் வந்து சேர்ந்தது இந்தக் கிளப்புக்குத்தான். பின்னாளில் உலகமே வியந்த அவருடைய வேகத்துக்கு அந்த நாற்காலிப் போட்டியை அவரே காரணமாகச் சொல்லியிருக்கிறார்.

அப்படியானால் எல்லாப் புகழும் ஆரோனுக்கா?

இல்லை. அப்படிச் சொல்வது அவருக்கே நியாயம் செய்யாது. பிள்ளையைக் கிளப்புக்கும் போட்டிகளுக்கும் கூட்டிப்போன பெற்றோர், ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்த வங்கிகளும் பொதுத்துறை நிறுவனங்களும், ஞாயிற்றுக்கிழமைகளில் சம்பளமில்லாமல் போட்டி நடத்திய மாவட்டச் சங்கத்தார் என்று பட்டியல் நீளும். 1988-க்குப் பிறகு பிள்ளைகள் செஸ் பலகையின் முன் உட்காரப் பெரிய காரணம் ஆனந்த். அதற்குப் பிந்தைய வரலாற்றில் தனியார் அகாடமிகளும் கணினியும் வந்துவிடுகின்றன.

ஆனால் வரிசையை ஒருமுறை பாருங்கள். கிளப் தொடங்கியது 1972. ஆறு ஆண்டுகள் கழித்து, 1978-ல் தமிழ்நாட்டைச் சேர்ந்த வி.ரவிக்குமார் ஆசிய ஜூனியர் பட்டத்தை வென்று இந்தியாவின் இரண்டாவது இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆகிறார். 1980-களில் மாஸ்டர்கள் ஒருவர்பின் ஒருவராக வருகிறார்கள். 1987-ல் ஆனந்த் உலக ஜூனியர் சாம்பியன், அடுத்த ஆண்டு நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர். 2001-ல் சென்னையின் எஸ்.விஜயலட்சுமி இந்தியாவின் முதல் பெண் கிராண்ட்மாஸ்டர் பட்டத்தைப் பெறுகிறார். 2022-ல் மாமல்லபுரத்தில் 44-வது செஸ் ஒலிம்பியாட். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று 18 வயது குகேஷ் உலக சாம்பியன். இன்று இந்திய கிராண்ட்மாஸ்டர்கள் 80-க்கும் மேல். அவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு தமிழ்நாடு.

இந்த வரிசை எல்லாவற்றுக்கும் அந்தக் கிளப்தான் காரணம் என்று நிரூபித்துவிடாது. இருந்தாலும் 17 ஆண்டு வெறுமைக்குப் பிறகு எங்கே முதலில் முளை விட்டது என்பதைக் காட்டுகிறது.

ஆரோன் ஏன் கிராண்ட்மாஸ்டர் ஆகவில்லை?

அவரைப் பற்றி அடிக்கடி எழும் கேள்வி இது. கிராண்ட்மாஸ்டர் ஆக, கிராண்ட்மாஸ்டர்கள் ஆடும் போட்டிகளில் திரும்பத் திரும்ப ஆட வேண்டும். அந்தப் போட்டிகள் பெரும்பாலும் ஐரோப்பாவில் நடந்தன. அழைப்பு வேண்டும், பயணச் செலவு வேண்டும், அந்நியச் செலாவணி அனுமதி வேண்டும். அவருடைய நல்ல வயதில் இது மூன்றும் சேர்ந்து அமைவது அரிது. முதல் இன்டர்நேஷனல் மாஸ்டருக்கும் முதல் கிராண்ட்மாஸ்டருக்கும் இடையே இந்தியாவில் 27 ஆண்டுகள் ஆயின என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

ஆரோனும் ஆனந்தும் எதிரெதிரே உட்கார்ந்த நாளும் வந்தது. தேசிய அணிப் போட்டி ஒன்றில், இன்னும் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஆனந்த், ஒன்பது முறை சாம்பியனான ஆரோனை வென்றார். தான் கட்டிய கிளப்பில் ஆடி வளர்ந்த பையனிடம் தோற்பதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லை. தோல்விக் கணக்கில் எழுத எங்களுக்கு மனம் வரவில்லை.

விருதுப் பட்டியலிலும் இருவருக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. அர்ஜுனா விருது தொடங்கிய ஆண்டின் பட்டியலில் ஆரோன். 1991-92-ல் ராஜீவ் காந்தி கேல் ரத்னா தொடங்கியபோது அதை முதலில் பெற்றவர் ஆனந்த்.

இன்னும் தெரிந்துகொள்ள எங்கே போவது?

ஆரோன் நிறைய எழுதியவரும்கூட. சென்னையிலிருந்து வெளிவந்த 'செஸ் மேட்' இதழின் ஆசிரியராக இருந்தார். அவர் மகன் அரவிந்த் ஆரோனும் செஸ் எழுத்தாளர். விஜய் பண்டிட்டுடன் சேர்ந்து இந்திய செஸ் வரலாற்றை ஒரு பெரிய ஆங்கில நூலாக 2014-ல் கொண்டுவந்தார். கி.பி. 570-ல் தொடங்கி 2010 வரை வரும் புத்தகம் அது. இந்திய விதிகளில் ஆடிய பழைய ஆட்டக்காரர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் தொடங்க வேண்டிய இடம் அதுதான். அந்த விதிகளிலிருந்து நாட்டை நகர்த்தியவர்களில் ஒருவரே அவற்றின் வரலாற்றையும் எழுதியிருக்கிறார்.

உங்களுக்கு ஆட்டம் தெரியும் என்றால் இன்னொரு வழியும் உண்டு. ஸ்டாக்ஹோம் 1962 ஆட்டங்கள் இணையத்தில் உள்ள செஸ் தரவுத்தளங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆரோன், போர்ட்டிஷ் என்ற இரண்டு பெயர்களையும் போட்டுத் தேடுங்கள். கணினியின் மதிப்பீட்டை அணைத்துவிட்டு, ஒரு பலகையில் காய்களை அடுக்கி நகர்த்திப் பாருங்கள். பிறகு அதே போட்டியில் அவர் ஃபிஷரிடம் தோற்ற ஆட்டத்தையும் எடுத்துப் பாருங்கள்.